தருமபுரியில் பழைய ரயில் பாதை ஒன்று காணாமல் போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா? அதன் தடயம் இன்னும் இருக்கிறதா?

உண்மைதான். சென்னை–சேலம் பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் குறுகிய பாதை ஒன்று போடப்பட்டது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி. இன்றைய அகலப் பாதையில் பாதிகூட இல்லை. 1876–78 பஞ்சத்தில் அடிபட்ட வறண்ட சீமை இது. மழை பொய்த்தால் தானியம் வந்து சேர வழி வேண்டும் என்பதற்காகவே இப்படிப்பட்ட பாதைகள் போடப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-ல் பாதையை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். சோறு கொண்டுவரப் போட்ட இரும்பு போருக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இரும்பு போனாலும் மண் போகவில்லை. இப்படிப்பட்ட தடத்தை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். வண்டித்தடம் மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், வேலி வந்தால் சட்டென்று திரும்பும். ரயிலால் அது முடியாது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சீராகவே போக வேண்டும். ஆகவே ராகிக் காட்டுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு கரை நேராக ஓடி, மெல்ல வளைந்தால் நின்று பாருங்கள். ஓடை குறுக்கிடும் இடத்தில் செதுக்கிய கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒரு சிறு மதகு இருந்தால், அது ரயில் தடம்தான் என்ற எண்ணம் இன்னும் வலுக்கும். பழைய நில வரைபடத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மொரப்பூர்–தருமபுரி இணைப்பை அகலப் பாதையாக மீண்டும் போடும் திட்டம் இப்போது இருக்கிறது; நீளம் சுமார் 36 கி.மீ. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தச் சின்ன ரயிலைப் பற்றி இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதில் ஏறிய நினைவு உள்ளவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதை ஒட்டியாவது இருக்கும்.