சேரிலும் கைப்பிடிக் கம்பியிலும் மாட்டிக்கொள்ளும் டம்ளர் தாங்கியை எப்படி வடிவமைப்பது? காப்புரிமை வாங்கிவிட்டு டை (பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு) போடலாமா?

கேட்டவர் 3டி பிரிண்டரில் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறாராம். காப்புரிமை கிடைக்குமா, விற்குமா என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், “டம்ளரைக் கையில் பிடித்துக் குடிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு கண்டுபிடிப்பா?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கோவை கணபதியில் சிறிய டூல் ரூம் நடத்துகிறேன். பிளாஸ்டிக் பொருட்களுக்கு டை செய்து கொடுப்பது தொழில். இந்தத் தாங்கியை நான் விற்கவில்லை, ஆகவே விளம்பரம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். படிப்பு ஐடிஐ. கணக்கில் தசமப் புள்ளிக்குப் பின்னால் குறை கண்டுபிடிக்கும் பொறியாளர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு. அப்புறம், எங்கள் ஊரில் யார் எதைச் செய்து காட்டினாலும் ஜி.டி.நாயுடுவை இழுத்து வந்து ஒப்பிடுவார்கள். 1937-இல் இங்கே மின் மோட்டார் செய்த மனிதரின் பெயரை டம்ளர் மாட்டும் கிளிப்புக்குச் சொல்வது அவருக்கும் மரியாதை இல்லை, நமக்கும் இல்லை.

உங்களைப் பற்றி என் ஊகம் இது. அபார்ட்மென்ட் பால்கனியில் நிற்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கம்பியை அளந்து, உங்கள் வீட்டு மக் ஒன்றுக்குப் பொருந்துகிற மாதிரி வரைந்திருக்கிறீர்கள். அது அழகாக நிற்கிறது. தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் டை போட வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறார்கள். கோப்பையைப் பற்றி ஆறு மாதம் யோசித்திருப்பார்கள், கம்பியைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். கோப்பை சுலபம். பிடிதான் வேலை.

எங்கள் மாமாவுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்புக்குள் இருந்த பழைய வீட்டைப் புதுப்பித்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும்படி செய்தார். வருகிறவர்கள் திண்ணைக் கம்பியின் மேல் டீ டம்ளரை வைப்பதும் அது விழுவதுமாக இருந்ததால், கம்பியில் மாட்டுகிற மாதிரி ஏதாவது செய்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். “எல்லாம் இரண்டு இன்ச் பைப்புதான் மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு செய்துகொண்டு வா” என்று போனில் சொன்னார். “நேரில் வந்து அளந்துவிடுகிறேனுங்க மாமா” என்றேன். எதற்கு அலைச்சல் என்றார். விட்டம் அளக்கும் வெர்னியர் காலிபரை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

திண்ணையில் இருந்தது பழைய ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தண்ணீர்க் குழாய். தண்ணீர்க் குழாயில் இரண்டு இன்ச் என்பது பெயரளவுதான், வெளிவிட்டம் 60 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மாடி பால்கனியில் எவர்சில்வர் கம்பி. அதை விற்கிறவர்கள் வெளிவிட்டத்தையே சொல்வதால் அங்கே இரண்டு இன்ச் என்றால் 50.8 மில்லிமீட்டர். படிக்கட்டில் 40 மில்லிமீட்டர் சதுரப் பைப். மாமாவைக் கேட்டால் எல்லாமே இரண்டு இன்ச். அவர் பொய் சொல்லவில்லை, கடைக்காரர் சொன்னதைத்தான் சொன்னார். போதாததற்குத் திண்ணைக் குழாயில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயின்ட் பட்டை பட்டையாக ஏறியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில், விட்டத்துக்குச் சரியாகச் செய்த வட்டக் கிளிப் எதற்கும் ஆகாது. கடைசல் பட்டறையில் உருளையைப் படுக்கவைக்க வீ பிளாக் வைத்திருப்போம். அந்த வீ வடிவப் பள்ளம் எந்த விட்டத்துக் குழாயையும் இரண்டு கோடுகளில் தொட்டு நிறுத்தும். சதுரப் பைப்பின் மூலையும் அதில் உட்காரும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாரையோ திருகையோ கொடுத்து இறுக்கினால் மூன்றாவது பிடி கிடைத்துவிடும். வீயின் உள்பக்கம் ரப்பர் ஒட்டுங்கள். ரப்பர் இல்லாமல் பளபளப்பான எவர்சில்வரில் எதுவும் நிற்காது.

ஆனால் ரப்பரையும் இறுக்கத்தையும் மட்டும் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிரம்பியிருந்தால் 1.1 கிலோ என்று வையுங்கள். அதன் மையம் கம்பியின் மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. கம்பியின் ஆரம் 2.5 சென்டிமீட்டர். தாங்கி கம்பியைச் சுற்றிக் கவிழாமல் இருக்க, கம்பியின் மேற்பரப்பில் உராய்வு மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். காய்ந்த கம்பியில் முடியும். மார்கழிப் பனி இறங்கிய கம்பியில், அதன் மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்த புழுதியும் படிந்திருந்தால், எவ்வளவு திருகினாலும் மெல்லச் சுற்றிக்கொண்டு கவிழும். பெரும்பாலான கம்பிகளில் ஒரு சாண் கீழே இன்னொரு கம்பியோ நிற்கும் கம்பிகளோ இருக்கும். தாங்கிக்குக் கீழ்நோக்கி ஒரு கால் கொடுத்து அதில் சாய்த்துவிடுங்கள். 15 சென்டிமீட்டர் கீழே கால் ஊன்றினால் அங்கே விழும் அழுத்தம் வெறும் அரைக் கிலோ. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கால், அவ்வளவுதான். பாட்டில் கனமாக ஆக அது தானாகவே அழுந்தி உட்காரும். திருகு என்பது தாங்கி நழுவாமல் இருப்பதற்கு மட்டும்தான். இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். ஏணியைச் சுவரில் சாய்க்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் சந்தையில் கிடைக்கும் பாதிப் பொருட்களில் இந்தக் கால் இல்லை.

இன்னொன்று. இணையத்தில் வரும் படங்களில் தாங்கியைப் பால்கனிக்கு வெளிப்பக்கம் மாட்டிக் காட்டுகிறார்கள், கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக. ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு கிலோ பாட்டில் கீழே போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று படம் எடுத்தவருக்குக் கவலை இல்லை. உட்பக்கம் மட்டுமே மாட்ட முடிகிற மாதிரி காலின் வடிவத்தை வையுங்கள். மேல்மாடிக்கு என்று விற்கப் போகிறீர்கள் என்றால் இதில் சமரசமே கூடாது.

மாமா அடுத்து இளநீருக்கும் வேண்டும் என்றார். பொள்ளாச்சி பக்கம் வந்து தங்குகிறவனுக்கு இளநீர் கொடுக்காமல் அனுப்ப முடியுமா என்பது அவர் வாதம். உண்மையில் இளநீருக்கு வளையம் மிகப் பொருத்தம். மேசையில் வைத்தால் உருளும், வளையத்தில் வைத்தால் அசையாது. ஆனால் ஒன்றரைக் கிலோ காய் ஒன்று 13 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் பாட்டிலைப் போல இரண்டரை மடங்கு திருப்பு விசை. மறுத்துவிட்டேன். ஒரே பொருளில் எல்லாவற்றையும் தாங்க முயன்றால் காபி டம்ளருக்கு மாட்டுகிற சாதனம் மண்வெட்டி கனம் கனக்கும். மாமாவுக்கு வருத்தம்தான். தரையில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சேருக்கு வருவோம். இந்த ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக் சேர்களின் கைப்பிடி, கவிழ்த்த வாய்க்கால் மாதிரியான குறுக்குவெட்டு, முன்னால் ஓர் அகலம், பின்னால் ஓர் அகலம். அழுத்தினால் வளையும். அதன் மேல் கிளாம்ப் போட்டால் கைப்பிடியோடு சேர்ந்து ஆடும். அதைவிடப் பெரிய தொல்லை, வயதானவர்கள் எழுந்திருக்கும்போது கைப்பிடியின் முன்முனையில்தான் உள்ளங்கையை ஊன்றுகிறார்கள். அந்த இடத்தில் உங்கள் தாங்கி இருக்கவே கூடாது. முன்காலில், கைப்பிடிக்கு ஒரு கையகலம் கீழே, வெளிப்பக்கமாக வாரைச் சுற்றி மாட்டுவதுதான் சரி. கால் கீழே போகப் போகச் சிறுக்கும் என்பதால் வார் வழுக்கி இறங்கும். அதற்கு மேல்விளிம்பில் கோத்துக்கொள்ளும் ஒரு சின்ன நாக்கு வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பிச்சி, அதாவது மாமாவின் அப்பா. கை நடுக்கம் வந்தபிறகு அவருக்கு டம்ளர் பாதி நிரப்பித்தான் கொடுப்பார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தாங்கியை அவர் சேரில் மாட்டி, முழு டம்ளர் வைத்துக் கொடுத்தோம். மிச்சம் இருப்பதை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார், மறுபடி எடுத்துக் குடித்தார், மறுபடி வைத்தார். கையில் பிடித்துக் குடிக்கத் தெரியாதவர்கள் என்று எழுதியவருக்காகத்தான் இந்தப் பத்தி. மறுநாள் போய்ப் பார்த்தால் டார்ச் லைட்டும் மூக்குக்கண்ணாடியும் அதில் இருந்தன, டம்ளர் தரையில் இருந்தது. வந்து தங்கியவர்களும் அப்படித்தான், முக்கால்வாசிப் பேர் போனைச் செருகி வைத்தார்கள். ஆகவே அடிப்பக்கம் முழுத்தட்டாக வேண்டாம், தண்ணீர் வடிய அகலமான ஓட்டைகளோடு இருக்கட்டும். தட்டாக இருந்தால் சிந்திய டீயில் சர்க்கரை ஒட்டி, எறும்பு வரிசை கட்டும். அதில் வைத்த போனையும் விடாது.

வளையத்தின் வாய் கூம்பாக இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளருக்கு வாய் அகலம், அடி குறுகல், விளிம்பில் ஒரு மடிப்பு. அது விளிம்புக்குக் கீழே தொங்கி நின்றால் போதும். பேப்பர் கப்புக்கு உள்ளே போடும் சின்ன வளையம் ஒன்று தனியாகக் கொடுங்கள். மக்கின் காதுக்கு ஒரு வெட்டு விடுங்கள். இதற்கு மேல் கோப்பையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பொருள்: உங்கள் மாதிரி அநேகமாக 3டி பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக். அது 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். ஏப்ரல் வெயிலில் காய்ந்த கம்பியில், சுடச்சுட டீயோடு, அது கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும். மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டை போட்டுச் செய்வதானால் பிபி என்கிற பாலிபுரொப்பிலீன், கறுப்பு நிறம் கலந்தது. கறுப்பில் இருக்கும் கார்பன் வெயிலைத் தாங்கும். ஆனால் பிபியை விரித்த நிலையிலேயே மாட்டி வைத்தால் நாளாக ஆகத் தளர்ந்துவிடும். புதிதில் டக்கென்று பிடிக்கும் கிளிப் சில மாதங்களில் தொளதொளவென்று ஆவது இதனால்தான். எனவே பிடிமானத்தைப் பிளாஸ்டிக்கின் விறைப்பில் வைக்காமல் எடையில் வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை: முதலில் ஏபிஎஸ் என்கிற இன்னொரு பிளாஸ்டிக், அப்புறம் விலை குறைக்க பிபி என்று யோசிக்காதீர்கள். ஏபிஎஸ் குளிரும்போது அரை சதவீதம் சுருங்கும், பிபி ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம் சுருங்கும். ஒரே டையில் இரண்டும் அளவுக்கு வராது. டைக்கு லட்சக்கணக்கில் போட்ட பிறகு இதைச் சொன்னால் என் மேல்தான் கோபம் வருகிறது.

எவர்சில்வர் கம்பி என்று எழுதியதும் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, படிக்க விருப்பம் இல்லாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். என் வீட்டு பால்கனிக்கு 304 ரகம் என்று காசு வாங்கிக்கொண்டு 202 ரகத்தை மாட்டிவிட்டுப் போனார் ஒரு காண்ட்ராக்டர். சந்தேகம் கேட்டதற்குப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்து, “ஒட்டவில்லை பாருங்க, சுத்தமான 304” என்றார். 202-உம் காந்தத்தில் ஒட்டாது! இரண்டும் ஒரே குடும்பம். 304-இல் நிக்கல் எட்டு சதவீதத்துக்கு மேல், 202-இல் நான்கிலிருந்து ஆறு, மீதியை மாங்கனீசு போட்டுச் சரிக்கட்டுவார்கள். சொல்லப்போனால் நல்ல 304-ஐ வளைத்த இடத்தில்தான் காந்தம் லேசாக இழுக்கும். மழையில் நனைந்து வெல்டு வைத்த இடங்களில் பழுப்புக் கறை வடிந்ததும் போன் செய்தேன், பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள் என்று எனக்கே பாடம் எடுத்தார். பாதிப் பணத்துக்கு மேல் கொடுத்துவிட்ட பிறகு என்ன செய்ய முடியும்? உலோகத் தொழிலில் இருக்கிற எனக்கே இந்தக் கதி. பைப்பின் மேல் ஒரு சொட்டு மருந்து விட்டு அதில் பேட்டரியை வைத்தால் மாங்கனீசு அதிகமா என்று நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குப்பி கடையில் கிடைக்கிறது. கம்பி போடுகிறவர்கள் அதை வாங்கி, வெல்டு வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பைப்பிலும் சோதியுங்கள்.

காப்புரிமைக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. கம்பியில் மாட்டும் கோப்பைத் தாங்கிகள் படகுக்கும், குழந்தை வண்டிக்கும், சக்கர நாற்காலிக்கும் என்று வெளிநாடுகளில் பல காலமாக இருக்கின்றன. தாங்கி என்ற எண்ணத்துக்கே உரிமை கேட்டால் கிடைக்காது. உங்கள் பிடியில் யாரும் செய்யாத ஒரு வேலைப்பாடு இருந்தால் கேட்கலாம், கிடைத்தால் 20 ஆண்டு. வெளித்தோற்றம் மட்டும்தான் புதிது என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, அப்புறம் 5 ஆண்டு நீட்டிப்பு. செலவும் குறைவு. ஆனால் எதைச் செய்வதானாலும் விண்ணப்பம் போடுவதற்கு முன் படத்தை ஊருக்குக் காட்டாதீர்கள். வெளியிட்டுவிட்டால் புதிது என்ற தகுதி போய்விடும். இந்தக் கேள்வியோடு நீங்கள் படம் போடாதது நல்லதாயிற்று.

விற்குமா என்றால், கல்யாண மண்டபக்காரர்களிடம் போய் நிற்காதீர்கள். மண்டபத்தில் சேர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். தாங்கி மாட்டியிருந்தால் அடுக்க முடியாது, கழற்றி வைத்தால் பந்தி முடிவதற்குள் பாதி காணாமல் போகும். வாடகைச் சேர்க்காரர் ஒருவர் என்னிடம் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எண்ணி வாங்குவதற்கு ஓர் ஆள் போட வேண்டுமேங்க” என்றார். அவர் சொன்னது நியாயம். சக்கர நாற்காலி, வாக்கர் விற்கும் கடைகளில் காட்டுங்கள், தோப்பு வீடு நடத்துகிறவர்களிடம் காட்டுங்கள். அதற்கு முன் டையை மறந்துவிட்டு, வீ பள்ளமும் காலும் வைத்து இன்னொரு மாதிரி அடித்து, தெரிந்தவர்கள் வீட்டுக் கம்பிகளில் மழைக்காலம் முழுக்க மாட்டி வையுங்கள். ரப்பர் உரியாமல், திருகு துருப்பிடிக்காமல் இருந்தால் அப்போது டைக்கு விலை கேளுங்கள். என்னிடம்தான் கேட்க வேண்டும் என்றில்லை.