எந்த பிட்ச்?

கேள்வி: கிரிக்கெட் வர்ணனையில் பிட்ச் என்கிறார்கள். மகளின் பாட்டு வாத்தியாரும் பிட்ச் என்கிறார். ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கும் மகனும் அதையே சொல்கிறான். இவற்றில் எது சரியான பொருள்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூன்றும் சரிதான். ஆனால் லேத் என்ற கடைசல் எந்திரத்தின் முன்னால் நின்றே தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டீர்கள். உங்கள் மகன் கட்சியில்தான் சேருவேன்.

வீட்டில் இருக்கும் ஒரு போல்டை எடுத்துப் பாருங்கள். ஒரு மரையின் முகட்டிலிருந்து அடுத்த மரையின் முகடு வரை உள்ள தூரம்தான் பிட்ச். சாதாரண எம்8 போல்டில், அதாவது 8 மி.மீ. விட்டமுள்ளதில், 1.25 மி.மீ., எம்10-இல் 1.5 மி.மீ. நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது அவ்வளவு தூரம் ஏறும். நுண்ணிய தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவிக்குள் இருக்கும் திருகின் பிட்ச் அரை மில்லிமீட்டர்; சுழலும் உருளையில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு நகர்ந்தால் 0.01 மி.மீ. பட்டறையில் நாங்கள் துல்லியம் என்று மார்தட்டுவதெல்லாம் இந்த ஒரு வகுத்தல் கணக்கை நம்பித்தான்.

எம்10-இலேயே 1.25 பிட்சும் உண்டு. ஹார்டுவேர் கடையில் 'பத்து எம்.எம். போல்டு' என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து, ஏறாத நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கி மரையை அழிக்கும் மகானுபாவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விரலால் இரண்டு சுற்று ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

ஒரே மாதிரி அடுத்தடுத்து வரும் எதற்கும் இந்தப் பொருள் ஒத்துவரும். சைக்கிள் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னிலிருந்து (ஆணி) அடுத்த பின் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால் 24 கண்ணி தள்ளியிருக்கும் பின், சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பல்சக்கரத்தையும் சேர்த்தே பாருங்கள். விமானக்காரர்கள் சொல்லும் சீட் பிட்ச்சும் இதே வகை. இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை அளப்பார்கள். இருக்கையின் தடிமனும் அதில் அடக்கம் என்பதால், அதைக் கால் நீட்டும் இடம் என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

பாட்டு வாத்தியாரின் பிட்ச் நம் சுருதி. மேற்கில் 'ஏ' சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று பொது அளவு வைத்துவிட்டார்கள். நம்மிடம் சுருதியைக் கட்டை என்று எண்ணுவோம்; தொண்டைக்கு ஏற்றபடி ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு ஐந்தரைக் கட்டை. எனக்கு நம் ஏற்பாடுதான் மனிதத்தன்மை உள்ளதாகப் படுகிறது.

கிரிக்கெட்? ஸ்டம்பை மண்ணில் நடுவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல். நட்ட இடத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நீளம் 22 கஜம், அகலம் 10 அடி.

கேள்வி: அப்படியானால் கும்மிருட்டை 'பிட்ச் டார்க்' என்பது ஏன்? அங்கே எதை அளக்கிறார்கள்?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: எதையும் இல்லை. அது வேறு வேரிலிருந்து வந்த சொல். எழுத்து மட்டும் ஒன்று. இந்த பிட்ச், படகின் இடுக்குகளை அடைக்கப் பூசும் கரிய கீல். சுத்தியலால் தட்டினால் கண்ணாடித் துண்டாக உடையும். ஆனாலும் அது திரவம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் அதை உருக்கிப் புனலில் ஊற்றினார். 1930-இல் புனலின் அடிமுனையை வெட்டித் திறந்துவிட்டார். 2014 வரை சொட்டியவை ஒன்பது சொட்டுகள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இதே போன்ற இன்னொரு புனலிலிருந்து ஒரு சொட்டு விழுவதை 2013 ஜூலையில் கேமராவில் பிடித்தார்கள்.

கேள்வி: வியாபாரத்தில் 'பிட்ச்' செய்வது என்றால்?
– அதே வாசகர்

பதில்: பொருளை வாங்க வைக்கும் பேச்சு. எங்கள் சந்தையில் எலிப்பொறி விற்பவர் மைக்கே இல்லாமல் அரை மணி நேரம் செய்வார்.