சுவர் எங்கே என்று கேட்டார்

வணக்கம். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டுகளைக் கணினியில் உருவகப்படுத்தி முனைவர் பட்டம் பெற்று, மூன்று மாதங்களுக்கு முன் பிரிட்டனுக்கு ஆய்வாளராக வந்திருக்கும் நீங்கள், இந்த ஒப்பந்தம் முடிந்தபின் அணுக்கரு இணைவுத் துறைக்கு மாறினால் இதுவரை கற்றது வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே மாற்றத்தைச் செய்து, இன்று ஆக்ஸ்போர்டுஷயரில், பிரிட்டனின் அணுக்கரு இணைவு ஆய்வு மையம் இருக்கும் கல்ஹம் அருகே குடியிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கணிதம் வீணாகாது. 1951இல் பிரின்ஸ்டனில் ஸ்டெல்லரேட்டர் என்ற அணுக்கரு இணைவு இயந்திரத்தைத் திட்டமிட்ட லைமன் ஸ்பிட்சரே விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவை ஆராய்ந்தவர்தான். காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவது சூரியப் பரப்பிலும் நடக்கிறது, இணைவுக்கான சூடான வாயுவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் டோகமாக் இயந்திரத்திலும் நடக்கிறது. சமன்பாடுகளைப் பார்த்தால் பழைய நண்பர்களைச் சந்தித்தது போலிருக்கும்.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது எல்லை நிபந்தனைகளை, அதாவது கணக்கிடும் பெட்டியின் ஓரத்தில் என்ன நடக்கும் என்று சொல்லும் விதிகளை. விண்வெளியில் சுவர் இல்லாததால், பெட்டியின் ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்படி எழுதிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். வேலையில் சேர்ந்த புதிதில், அதே பழக்கத்தில் டோகமாக்கின் விளிம்பில் உள்ள பிளாஸ்மாவின் (மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவின்) கொந்தளிப்பை வண்ணப்படமாகக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த பொறியாளர் ஒருவர், "அழகாக இருக்கிறது, சுவர் எங்கே?" என்று கேட்டார். வெப்பம் எந்தத் தகட்டில் எவ்வளவு விழும் என்பதே அவருக்குத் தேவை. என் படத்தில் தகடே இல்லை. டோகமாக்கின் நடுவே சூரிய மையத்தைப்போலப் பத்து மடங்காக, 15 கோடி டிகிரி வரை வெப்பம் வேண்டும் என்றாலும், எங்கள் தலைவலி பெரும்பாலும் பிளாஸ்மா உலோகத்தைத் தொடும் அந்த மெல்லிய ஓரத்தில்தான். அதைக் கற்க எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

அடுத்தது, உங்கள் கணிப்பை மறுநாளே சோதனை பொய்யாக்கிவிடலாம். கருந்துளை அப்படி எதிர்த்துப் பேசுவதில்லை. இங்கே கல்ஹமில் இருந்த ஜெட் (JET) என்ற டோகமாக் 1983 முதல் 2023 வரை இயங்கி, கடைசியாக 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்துவிட்டு ஓய்ந்தது. ஆனால் அதன் அளவீடுகளை இன்றும் எங்கள் நிரல்களோடு ஒப்பிட்டு வருகிறோம். ஆகவே விண்ணப்பத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, நீங்கள் எழுதிய நிரலை வேறு யாரேனும் இயக்கிச் சரிபார்த்திருக்கிறார்களா என்பதை முன்வையுங்கள். இப்போதே யார்க் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த, எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பௌட் பிளஸ் பிளஸ் (BOUT++) என்ற பிளாஸ்மா உருவகப்படுத்தும் நிரலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

விசா விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். திறன்பணியாளர் விசாவில் நிறுவனம் மாறினால் புதிய விண்ணப்பம் வேண்டும். ஒப்புதல் வராமல் புது வேலையில் சேரக் கூடாது. சில ஆய்வுப் பணிகளுக்கு இந்தியர்கள் ஏடாஸ் என்ற முன் அனுமதியும் பெற வேண்டும் என்பதால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுங்கள். வீடு பார்ப்பதானால் பக்கத்து ஊரான டிட்காட்டில் பாருங்கள். கல்ஹம் நிலையத்தில் நிற்கும் ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளும்.