நீண்ட வாக்கியம் எங்கே இடறுகிறது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், இப்போதுதான் கட்டுரை எழுதிப் பழகுகிறேன். என் வாக்கியங்கள் தந்தி வாசகம்போல் நறுக்கென்று முடிந்துவிடுகின்றன. முயன்று நீட்டி எழுதினால், ‘யார் என்ன செய்தார் என்றே புரியவில்லை அப்பா’ என்கிறாள் மகள். பழைய உரைநடையைப் படித்தால் நீண்ட, அழகான நடை கைவருமா? யாரை, எப்படிப் படிக்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, விடையில் பாதியை உங்கள் மகளே சொல்லிவிட்டார். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால், படிப்பவர் எழுவாயை மனத்தில் பிடித்துக்கொண்டே முற்று வரும்வரை நடக்க வேண்டியிருக்கிறது. வழியில் இன்னோர் எழுவாய் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தால் அவருடைய பிடி நழுவிவிடுகிறது. ‘பேருந்து நின்று நான் இறங்கினேன்’ என்பதில் நின்றது ஒன்று, இறங்கியது வேறொருவர். ‘நின்று’, ‘வந்து’ போன்ற, ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் (முடிவு பெறாமல் இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் வினை) தன் வினைமுதலையே, அதாவது அச்செயலைச் செய்தவரையே, கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். எழுவாய் மாறுகிற இடத்தில் ‘நின்றதும்’, ‘நிற்க’ என்று எச்சத்தை மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ (சூரியன் மறைய, அவன் வந்தான்) போன்ற தொடர்களுக்கு உரையாசிரியர்கள் விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்தச் சலுகையை இப்போதைக்கு நீங்கள் கோர வேண்டாம்.

யாரைப் படிப்பது என்றால், ஆறுமுக நாவலரிடம் தொடங்குங்கள். 1852இல் வெளிவந்த அவருடைய பெரியபுராண வசனத்தில் நாயன்மார் ஒருவரின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஒரு நீண்ட வாக்கியத்தின் வினைமுற்றை முதலில் அடிக்கோடிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நகர்ந்து, ஒவ்வோர் எச்சமும் யாருடைய செயல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். தமிழ் உரைநடையில் காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்திய முன்னோடி அவர் என்பதால், மூச்சு எங்கே நிற்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

அதே வாக்கியத்தைச் சிறு வாக்கியங்களாக உடைத்து எழுதி, மூலத்தை மூடிவைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி ஒன்றாகக் கோத்துப் பாருங்கள். நான் பழகியபோது கோத்ததைவிட உடைத்ததில்தான் அதிகம் கற்றேன். உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: முதியவர் வந்தார், வரிசையில் நின்றார், அவருடைய முறை வந்தது, பாஸ்புக்கை நீட்டினார். இந்த நான்கையும் ‘வங்கிக்கு வந்து வரிசையில் நின்ற முதியவர், தம் முறை வந்ததும், வேட்டி மடிப்பில் செருகியிருந்த பாஸ்புக்கை எடுத்து நீட்டினார்’ என்று இணைக்கலாம். முதல் இரண்டு செயல்களை, ‘முதியவர்’ என்னும் பெயரைத் தழுவி நிற்கும் ‘நின்ற’ என்ற பெயரெச்சம் தாங்கிக்கொள்வதால் எழுவாய் பின்னுக்குத் தள்ளப்பட்டு முற்றை நெருங்கி வந்து நிற்கிறது. ‘முறை’ என்னும் வேறு எழுவாய் வருகிற ஒரே இடத்தில் ‘வந்ததும்’ காவல் இருக்கிறது. ‘முதியவர்’ என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்து எழுதிப் பாருங்கள்; பொருள் கெடாது, ஆனால் படிப்பவரின் சுமை கூடுவதை உணர்வீர்கள்.

எச்சங்களைக் கோப்பது மட்டுமே நீளத்துக்கு வழியன்று. 1854இல் வெளிவந்த வள்ளலாரின் மனுமுறைகண்ட வாசகத்தில், மகனின் தேர்க்காலில் கன்று இறந்ததறிந்த மன்னன், தான் என்னென்ன பாவம் செய்தேனோ என்று வரிசையாகக் கேட்டுக்கொள்ளும் இடத்தைப் படியுங்கள். ஒவ்வொரு கேள்வியும் சிறியது, தன்னளவில் முடிவது. ஒரே ஓசையில் முடிந்து அடுக்கடுக்காக வருவதால்தான் புலம்பல் நீள்கிறது. இதை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். துயரமோ பெருமிதமோ பொங்குகிற இடத்துக்கு மட்டும் இந்த அடுக்கை ஒதுக்கிவையுங்கள். வங்கிக் கடனின் வட்டி விகிதத்தைப் பற்றி எழுதும்போது இது நகைப்புக்கு இடமாகிவிடும்.

இவர்களிடமிருந்து கட்டுமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சொற்களை அல்ல. ‘அஃதன்றியும்’, ‘யாதெனின்’ என்றெல்லாம் எழுதத் தொடங்கினால், யார் என்ன செய்தார் என்பது விளங்கினாலும், எழுதியவர் தன் அப்பாதானா என்று உங்கள் மகள் கேட்க நேரிடும்.