பாய்லர் வீட்டுப் பிள்ளையும் சூரிய வெப்பப் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விறகு பாய்லர் பார்த்துவரும் தாங்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் சோலார் படிக்க விரும்புவதாகவும், சோலார் என்று பெயரிட்ட படிப்பு ஒன்றுக்கு இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்லித் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். அந்தக் கல்லூரி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. மகளுக்கு எந்தச் சோலார் வேண்டும் என்பதே இன்னும் முடிவாகவில்லை என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

கடிதத்தின் அடியில் மகள் தன் கையெழுத்தில் சேர்த்திருந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். விடுதி மாடியில் இருக்கும் சூரிய வெந்நீர்க் கருவியில் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை, ஆனாலும் தண்ணீர் தானாகவே மேலே ஏறித் தொட்டிக்குப் போகிறதே, அது எப்படி என்று கேட்டிருக்கிறாள். சோலார் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு தொழில்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். வெயிலைச் சிலிக்கான் தகட்டில் வாங்கி நேரே மின்சாரமாக்குவது ஒன்று. அது மின்பொறியியலுக்கும் மின்னணுவியலுக்கும் உறவு. வெயிலை வெப்பமாகப் பிடித்து, அந்த வெப்பத்தால் தண்ணீரையோ எண்ணெயையோ காற்றையோ சூடாக்குவது மற்றொன்று. அது இயந்திரப் பொறியியலின் பிள்ளை, ஆகவே தாங்கள் தினமும் நிற்கும் பாய்லரின் உடன்பிறப்பு. தங்கள் மகள் கேட்டிருப்பது இரண்டாவதைப் பற்றி.

அவளுடைய கேள்விக்கான பதிலைச் சற்று விரித்தே எழுதுகிறேன். எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. தட்டை வகைச் சேகரிப்பான் என்பது உண்மையில் ஓர் ஆழமில்லாத பெட்டி. அடியிலும் பக்கங்களிலும் வெப்பம் கடத்தாத பஞ்சு, அதன்மேல் கறுப்புப் பூச்சுப் பூசிய செம்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய மெல்லிய செம்புக் குழாய்கள், எல்லாவற்றையும் மூடிய கடினக் கண்ணாடி. கிட்டத்தட்ட 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும் சூரியப் பரப்பிலிருந்து வரும் கதிர்களின் உச்சம் அரை மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருப்பதால் அவை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடுகின்றன. 70 டிகிரிக்குச் சூடான தகடு திருப்பி உமிழும் கதிர்களின் உச்சமோ எட்டு மைக்ரோமீட்டருக்கும் மேல். அவற்றைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடு கூடக்கூட கதிரின் உச்ச அலைநீளம் குறையும் என்று பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அவள் மனப்பாடம் செய்திருக்கக்கூடிய வியன் விதி இதுதான் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். தகட்டின் கறுப்பும் சாதாரணக் கறுப்பு அன்று. நல்ல தேர்வுப் பூச்சு, விழும் வெயிலில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை உட்கொண்டு, வெப்பக் கதிராக மிகக் குறைவாகவே வெளியிடும். பட்டறையில் பூசும் பெயின்ட் அந்த வேலையைச் செய்யாது. இந்தப் பூச்சை மட்டுமே வாழ்நாள் முழுவதும் ஆராயும் வேதியியலாளர்களும் பொருளறிவியலாளர்களும் இருக்கிறார்கள்.

இனித் தண்ணீர் ஏறும் கதை. குழாயில் சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலெழுகிறது, தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் அதன் இடத்தைப் பிடிக்க இறங்குகிறது, வெயில் உள்ளவரை இந்தச் சுற்று நிற்பதில்லை. இதற்காகவே தொட்டியைச் சேகரிப்பானின் மேல்விளிம்பைவிட உயரத்தில் வைக்கிறார்கள். தாழ வைத்தால் பகலில் சுற்று மந்தமாவதோடு, இரவில் அது தலைகீழாக ஓடி, பகலெல்லாம் சேர்த்த சூட்டை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். நம் ஊர் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் பெட்டி தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். குளிர்கால வெயிலை நன்றாக வாங்குவதற்காக அந்தச் சாய்வை அட்சரேகையைவிடச் சற்று அதிகமாகவே வைப்பது வழக்கம்.

இந்தத் தொழிலின் உயிர்நாடி ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 800 வாட் வெயில் விழும்போது, 30 டிகிரி காற்றில், தகட்டின் சராசரி வெப்பநிலை 65 டிகிரியாக இருந்தால், ஒரு நல்ல தட்டைச் சேகரிப்பான் விழுந்த வெயிலில் பாதிக்குச் சற்று மேல் பயனுள்ள வெப்பமாக்கும். அதே தகட்டை 90 டிகிரியில் வேலை வாங்கினால் அது நாற்பது விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். சூடு கூடக்கூட இழப்பும் கூடுகிறது. ஆகவே எத்தனை டிகிரி வேண்டும் என்ற கேள்வியைக் கேட்காமல் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பவர் பணத்தை இழப்பார். இழப்பைக் குறைக்கத்தான் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்க்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடக் குழாய்கள் வந்தன. பிளாஸ்க்கில் காப்பி ஆறாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. என் வீட்டு மாடியில் வைத்துக் கொடுத்தவர், தொட்டி காய்ந்து கிடந்த ஒரு நாள் உச்சிவெயிலில் தண்ணீரைத் திறந்துவிட்டார். கொதித்துக் கிடந்த குழாய்கள் வரிசையாக விரிசல் விட்டன. வெயில் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ நிரப்ப வேண்டும் என்ற எளிய பாடம் எனக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவில் கிடைத்தது. அதேபோல நம் பகுதியின் உப்புத் தண்ணீர் மெல்லிய செம்புக் குழாய்களைச் சில ஆண்டுகளில் அடைத்துவிடும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாய்லருக்கு மென்னீராக்கிய தண்ணீர் ஏன் என்பதைத் தாங்கள் எனக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள்.

தங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீரை வெயிலால் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்றிக் கொடுத்தால், அது ஏறத்தாழ 465 யூனிட் வெப்பம். விறகின் வெப்பமதிப்பைக் கிலோவுக்கு 3,500 கிலோகலோரி என்றும், பாய்லரின் திறனை 65 முதல் 70 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், தினமும் 160 முதல் 175 கிலோ விறகு மிச்சம். நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு இரண்டரை யூனிட் வெப்பம் கிடைப்பதாகக் கொண்டால் 186 சதுர மீட்டர் சேகரிப்பான் வேண்டும். அதற்கு நிழல் விழாத கூரை வேண்டும். நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீரை ஏற்கெனவே மறுபடி பயன்படுத்தும் பட்டறையாக இருந்தால் இந்த லாபம் குறையும். அதைக் கவனிக்காமல் விற்பவர்களும் இருக்கிறார்கள், கவனித்துச் சொல்லும் பொறியாளருக்கு அதனாலேயே மதிப்பு. மகள் நாளை செய்யப்போகும் வேலையின் மாதிரி இதுதான்: பால் பண்ணை, உணவுப் பதப்படுத்தல், துணி, மருந்து, உணவகம், மருத்துவமனை என வெப்பம் வாங்கும் இடங்களில் உட்கார்ந்து, எவ்வளவு, எத்தனை டிகிரி, எந்த நேரத்தில் என்று கணக்குப் போடுவது. திருமலையில் 2002இல் 106 குழிவு ஆடித் தட்டுகளை வைத்து அன்னதானச் சமையலுக்கு நீராவி எடுத்ததும், ஷீர்டியில் 2009இல் 73 தட்டுகள் வைத்ததும் இந்தக் கணக்கின் பெரிய வடிவங்களே.

கசப்பான பகுதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, டர்பைன் சுழற்றி, மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையங்களை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டவர்கள் நம் நாட்டில் ஏமாந்திருக்கிறார்கள். 2010இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் முதற்கட்டத்தில் மொத்தம் 470 மெகாவாட்டுக்கு ஏழு திட்டங்கள் ஒப்படைக்கப்பட்டன. ராஜஸ்தானின் நோக் ஊரில் 50 மெகாவாட், துர்சரில் 125 மெகாவாட், ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் 50 மெகாவாட் என முடிந்து நின்றவை சிலவே. ஆடியால் குவிப்பதற்கு நேராக விழும் கதிர் மட்டுமே உதவும். மேகமும் தூசியும் ஈரப்பதமும் சிதறடித்த வெளிச்சம் உதவாது. செயற்கைக்கோள் மதிப்பீட்டை நம்பிப் போட்ட கணக்குகளைவிட நிலத்தில் அளந்தபோது நேர்க்கதிர் குறைவாக இருந்தது. நாடெங்கும் நிலத்தில் நின்று கதிரை அளக்கும் 51 நிலையங்களை 2011 முதல் அமைத்தது நம் சென்னையிலிருந்து இயங்கும் தேசிய நிறுவனமே என்பதையும் மகள் அறிந்துவைக்கட்டும், அளத்தலும் ஒரு வேலைதான். அதற்குள் ஒளிமின் தகடுகளின் விலை சரிந்து, போட்டியே முடிந்துபோனது. ஆனால் வெளியில் கதை முழுதும் முடியவில்லை. மொராக்கோவின் வார்சாசாத்தில் 510 மெகாவாட்டும், துபாயில் 700 மெகாவாட்டும் சூரிய வெப்ப மின்நிலையங்களாக எழுந்தன. துபாயில் 262 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சிக்குக் கண்ணாடிகள் வெயிலைக் குவிக்க, உருகிய உப்பு அந்தச் சூட்டைச் சூரியன் மறைந்த பிறகும் பல மணி நேரம் காத்துவைக்கிறது. சோடியம் நைட்ரேட் அறுபது பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் நாற்பது பங்கு கலந்த அந்த உப்பு, 240 டிகிரியை ஒட்டி இறங்கினாலே உறையத் தொடங்கிக் குழாயை அடைத்துவிடும். இரவுப் பணியாளரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த ஒரு கவலைதான். ராஜஸ்தானின் அபு ரோட்டில், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 குழிவு ஆடித் தட்டுகளைக் கொண்டு ஒரு மெகாவாட் நிலையம் அமைத்து, வெப்பத்தை வார்ப்பிரும்பில் சேமித்தார்கள். இவற்றைக் காட்டி உடனே வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆகவே என் கருத்து இது. இளநிலைப் பட்டத்தில் சோலார் என்ற பெயரைத் தேட வேண்டாம். இயந்திரப் பொறியியலில் சேரட்டும். வெப்ப இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல் ஆகிய மூன்றையும் தேர்ச்சிக்காக இல்லாமல் பசியோடு படிக்கட்டும். சூரிய வெப்பச் சந்தை சரிந்தாலும் இந்த மூன்றும் பாய்லர், குளிர்பதனம், வெப்பச் சேமிப்பு, மின்நிலையம் என எங்கும் சோறு போடும். பெயரில் மட்டும் சோலார் உள்ள பட்டத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. சிறப்புப் படிப்பை முதுநிலைக்கு வைத்துக்கொள்ளலாம். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் மும்பை, தில்லி ஐஐடிகளிலும் திருச்சி என்ஐடியிலும் ஆற்றல் பொறியியல் படிக்க வழியுண்டு. கணிதம் அவளுக்குக் கடினம் என்றால் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் முடித்து, பக்கவாட்டு நுழைவில் நேரே இரண்டாம் ஆண்டு பொறியியலுக்கு வரலாம். கைவேலையோடு வரும் பிள்ளைகளை இந்தத் தொழில் விரும்பி எடுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செலவு பற்றிய தங்கள் பயம் நியாயமானது, ஆனால் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்கள். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அவளுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதன்வழி கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் சேரும். முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் இந்த 7.5 விழுக்காட்டுச் சலுகையை இழப்பீர்கள். எந்தக் கல்லூரியானாலும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதலும் அண்ணா பல்கலைக்கழக இணைப்பும் அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு இருக்கின்றனவா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பெண்பிள்ளை வெயிலில் கூரைமேல் ஏறி வேலை செய்வாளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏறத்தான் வேண்டும், அதைத் தவிர்த்து இந்தத் தொழிலைக் கற்றவரை நான் கண்டதில்லை. அதன்பின் பாதை பிரியும்: வடிவமைப்பு, ஆய்வகச் சோதனை, அல்லது ஆற்றல் சிக்கனப் பணியகம் நடத்தும் தேர்வெழுதி ஆற்றல் தணிக்கையாளர் ஆவது. பட்டமோ பட்டயமோ பெற்று, பாய்லரில் உரிய காலம் பணியாற்றியவர்கள் எழுதும் பாய்லர் இயக்கப் பொறியாளர் தேர்வும் இருக்கிறது. தாங்கள் நின்ற அதே அறையில், தங்கள் அட்டெண்டன்ட் சான்றிதழுக்கு மேலான சான்றிதழோடு அவள் நிற்க முடியும் என்பது தங்களுக்கு ஆறுதலா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது பெருமையாகவே இருக்கும் என்று அந்த ஒரு வரி எனக்குச் சொல்கிறது.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வெப்பமானியோடு மகளை விடுதி மாடிக்கு அனுப்புங்கள். காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்து மணிக்கும் சேகரிப்பானுக்குள் நுழையும் தண்ணீரின் சூட்டையும் வெளியேறும் தண்ணீரின் சூட்டையும் ஒரு வாரம் குறிக்கட்டும், மேகம் மூடிய நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். சூடான பகுதிகளில் கை வைக்காமல் காவலரோடு போகச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வாருங்கள். கல்லூரிகளின் வரிசையை மூவரும் சேர்ந்து எழுதுவோம்.