ஒரே ஒருவருக்கு மட்டும் மார்க்கெட்டிங் மின்னஞ்சல் அனுப்ப முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு, பட்டியலுக்கு மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையிலுள்ள 'டெஸ்ட் மெயில்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி அனுப்பி, "வணக்கம்" என்பதற்குப் பக்கத்தில் பெயருக்குப் பதிலாக வெறும் குறியீடு போய் நின்றது. டெஸ்ட் மெயில் நாம் சரிபார்ப்பதற்கானது. பல சேவைகளில் அதிலுள்ள 'விலகு' இணைப்பு (இனி மெயில் வேண்டாம் என்று சொல்வதற்கானது) வேலை செய்யாது. அவர் திறந்தாரா, கிளிக் செய்தாரா என்பதும் அறிக்கையில் ஏறாது.

அந்த முகவரி உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவருக்கு மட்டும் ஒரு டேக், அதாவது தனித்துக் காட்டும் அடையாளச் சொல், போடுங்கள். பழைய மெயிலை நகலெடுத்து, பெறுநர் பகுதியில் முழுப் பட்டியலை விட்டுவிட்டு அந்த டேக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் முன் பெறுநர் எண்ணிக்கை 1 என்று காட்ட வேண்டும். அங்கே 4,000 என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். போன மெயிலைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

ஏற்கெனவே விலகியவர் என்றால் இந்த வழி பலிக்காது, பலிக்கவும் கூடாது. ஒருவருக்குத்தானே என்று விலகும் இணைப்பை எடுத்துவிடவும் வேண்டாம். விளம்பர மெயில்களுக்கான அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம்கூட மொத்தமாக அனுப்பும் மெயில்களுக்கு மட்டுமானது அல்ல. ஒற்றை விளம்பர மெயிலும் அதில் அடங்கும்.

அப்புறம், அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு சுற்றே தேவையில்லை. உங்கள் ஜிமெயிலிலிருந்து நாலு வரி எழுதினாலே போதும். பேனர் வைத்த மெயிலைவிட அதற்குப் பதில் வரும் வாய்ப்பும் அதிகம் என்பது என் எண்ணம்.