அப்பா போனார், நிம்மதி வந்தது. தவறா?

கேள்வி: அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார், எனக்கும் விழும். இப்போதும் இரவு ஒன்பதரைக்குத் தெருவில் டி.வி.எஸ். 50 சத்தம் கேட்டால் வயிறு பிசைகிறது. அவர் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் நிம்மதி. இழவு வீட்டில் அழாததற்குக் 'கல்நெஞ்சுக்காரி' என்றார்கள். ஆனால் போன வாரம் எண்ணெய்ப் பரோட்டாக் கடையைத் தாண்டும்போது அழுதுவிட்டேன். சம்பள நாளில் எனக்கென்று வாங்கி வருவார். அடுத்த மாதம் படத்திறப்பு. மகள்தான் பேச வேண்டும் என்கிறார் பெரியப்பா. என்ன பேசுவது?
- ஒரு வாசகி (41), விருதுநகர்

பதில்: முதலில், பட்டம் கொடுத்தவர்களை விசாரிப்போம். உங்கள் தாயார் அடி வாங்கிய இரவுகளில் இவர்கள் எங்கே இருந்தார்கள்? உங்கள் சிறுவயதில் குடும்ப வன்முறைச் சட்டமும் கிடையாது. அது நடைமுறைக்கு வந்ததே 2006 அக்டோபரில்தான். அன்று அவருக்கு இருந்த போக்கிடம் பக்கத்து வீட்டுத் திண்ணை. 'புருஷன் பெண்டாட்டி சண்டை' என்று அன்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள், இன்று உங்கள் கண்ணீரைப் படி வைத்து அளக்கிறார்கள்.

நம் பாட்டிகள் இவ்வளவு போலி இல்லை. ஒப்பாரியில் செத்தவரின் பெருமையோடு குறையும் வரும். வாழாத இடத்தில் கட்டிக்கொடுத்தாயே என்று தகப்பனைப் பிணத்தின் முன்னாலேயே கேட்டுவிடுவார்கள்; ஊரும் கேட்டுக்கொண்டு நிற்கும். ஃபிளெக்ஸ் போர்டு வந்த பிறகுதான் எல்லாத் தகப்பன்களும் 'பாசத்தின் சிகரம்' ஆனார்கள்.

அடித்தவர் போனதற்கு நிம்மதி. பரோட்டா வாங்கி வந்தவர் போனதற்கு அழுகை. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தது உங்கள் குற்றமில்லை.

ஒன்பதரை மணிக்கு வயிறு பிசைவது வேறு சங்கதி. அது துக்கம் இல்லை, உடம்பில் தங்கிவிட்ட பழைய பயம். தூக்கத்தைக் கெடுத்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

படத்திறப்பில் பேசாமலும் இருக்கலாம். பெரியப்பா விடமாட்டார் என்றால், பரோட்டாவை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். அது நடந்தது. 'உத்தமர்' என்ற சொல்லைப் பெரியப்பாவே சொல்லிக்கொள்ளட்டும். முன்வரிசையில் உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பார்.